தீ வந்து போன தடம்

தை பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் எங்களுக்குத் தீக்கோட்டு வேலை ஆரம்பமாகிவிடும். தீ தாண்டிப் பரவாமல் இருக்கப் புல்லையும் சருகையும் நீக்கி வெட்டும் வெறுந்தரைப் பட்டைதான் தீக்கோடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளுயரம் வளர்ந்த சுக்குநாறிப்புல் அப்போதுதான் மஞ்சளித்துக் காயத் தொடங்கும். மாசி, பங்குனியில் மலை முழுக்கச் சருகு கொட்டிவிடும். அதற்குள் கோடு வெட்டி முடித்திருக்க வேண்டும். அரிவாள், மண்வெட்டி, சருகு வாரி, தண்ணீர்க் கேன் இவ்வளவுதான் எங்கள் சாமான். இந்த வேலைக்கு வர நினைக்கிற தம்பிகளுக்கு, என் கைக்குப் பழகியதைச் சொல்கிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் மலையடிவாரப் பளியர் குடியிருப்பைச் சேர்ந்த பெரியவர். கோடு எங்கே வெட்டுவது என்று கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டார். சரிவு முழுக்க நடந்துவிட்டு வருவார். "தம்பி, தீ வரப்போறதப் பத்தி அப்புறம் பேசலாம். முன்னால வந்து போன தடத்தப் பாரு" என்பார். நான் கற்றதெல்லாம் அந்த ஒரு பேச்சுக்குள் அடங்கும்.

தடம் மரத்தில் இருக்கிறது. சரிவில் நிற்கும் வேங்கை மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். மேட்டைப் பார்த்த பக்கத்தில்தான் அடிமரத்துக் கரி உயரமாக ஏறியிருக்கும். மேலிருந்து உருண்டு வரும் சருகும் சுள்ளியும் அந்தப் பக்கம்தான் தங்கும். கீழிருந்து ஏறும் தீயும் மரத்தைத் தாண்டியதும் அங்கேதான் சுழன்று நின்று எரியும். பட்டை வெந்து உரிந்த இடத்தில் மரம் இரு பக்கமும் உதடு போலத் தடித்து, காயத்தை மூடப் பார்க்கும். அந்த உதட்டுக்குள் இன்னொரு பழைய கரி தெரிந்தால், அதே சரிவு மறுபடியும் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வடுக்கள் வரிசையாக இருக்கும் இடம் தீ வழக்கமாக ஏறும் வழி. கோட்டை அதற்கு முன்னாலேயே வெட்ட வேண்டும்.

கோடு வெட்டுவதில் புதியவர்கள் ஒரு தவறு செய்வார்கள். கூட்டிய சருகைத் தீ வரும் பக்கத்தில் குவித்துவிடுவார்கள். தீ அங்கே வந்ததும் குவியல் கொழுந்துவிட்டுக் கோட்டைத் தாண்டும். சருகை மறுபக்கம் தள்ளி, குவியாமல் பரப்ப வேண்டும். தரை மண் தெரியும்வரை சுரண்ட வேண்டும். கோட்டின் குறுக்கே செத்த வேர் ஓடினால் வெட்டி எடுக்க வேண்டும். கனல் அந்த வேருக்குள்ளேயே ஊர்ந்து அடுத்த பக்கம் எழும். இலைக்கொத்தான குழையால் தீயை அடிப்பதிலும் பக்குவம் உண்டு. கையை ஓங்கி அடித்தால் பொறி பறந்து பின்னால் விழும். பச்சைக் குழையைத் தீயின் மேல் அழுத்தி, எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். பெரியவர் அடித்தால் சத்தமே கேட்காது.

அவர் காலையில் காய்ந்த புல் தாளை எடுத்து மடக்குவார். பனி ஈரத்தில் அது வளைந்து கொடுக்கும். வெயில் ஏற ஏறத் திரும்பத் திரும்ப மடக்கிப் பார்ப்பார். சடக்கென்று ஒடிந்த நேரத்திலிருந்து யாரையும் சரிவின் மேல்பக்கம் நிற்க விடமாட்டார். பகலில் காற்று மலையேறும். தீயும் கூடவே ஏறும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட தீ, மலையேற்றத்துக்குப் போன 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது. தீயைக் கண்டால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள். இடுக்குப் பள்ளத்தில் ஒதுங்காதீர்கள். எரிந்து முடிந்த தரையோ, புல்லில்லாத பாறையோதான் உயிர் காக்கும்.

இந்தக் காட்டின் உருவமே பழைய தீ செதுக்கியதுதான். மேல்சரிவில் தடித்த பட்டை கொண்ட வேங்கையும், எரிந்தாலும் மறுபடி துளிர்க்கும் ஈந்தும் தாக்குப்பிடிக்கின்றன. ஓடைக்கரை ஈரத்தில் மருதும் நாவலும் மாவும் தழைக்கின்றன. சாம்பல் நிற அணில் தரை இறங்காமல் கிளைக்குக் கிளை தாவி வாழும் உயிர். 1988-இல் அதற்காகத்தான் இங்கே சரணாலயம் வந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் ஆனது. ஓடைக்கரைக்குள் ஒருமுறை தீ புகுந்து கிளைத் தொடர் அறுந்தால், அணிலுக்குப் போக்கிடம் இல்லை.

மனிதர்களும் தீயோடு வாழ்ந்தவர்கள்தான். குறிஞ்சி நிலத்தார் புனம் எரித்துத் தினை விதைத்ததைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. 1882-இன் சென்னை வனச் சட்டம் காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர், முன்பு பருவம் பார்த்துச் சருகுக்கு இட்ட சிறு தீ நின்றுபோனதால்தான் உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது என்கிறார்கள். அந்தப் பேச்சை நான் மதிக்கிறேன். பருவம் அறிந்தவன் இடும் சிறு தீ வேறு. புதுப்புல் முளைக்கட்டும் என்று பங்குனி வெயிலில் பற்றவைத்துவிட்டுப் போகும் தீ வேறு. கன்று மரத்தின் தலை கருகினாலும் வேர் பிழைத்துத் துளிர்க்கும். தலை தீக்கு எட்டாத உயரம் போக அதற்குச் சில வருட இடைவெளி வேண்டும். வருடந்தோறும் எரித்தால் கிழட்டு மரங்களும் புல்லும் மட்டுமே மிஞ்சும். புல் பெருகினால் அடுத்த தீ இன்னும் சீக்கிரம் வரும்.

இப்போது செயற்கைக்கோள் பார்த்து இந்திய வன ஆய்வு நிறுவனம் போனுக்கே தகவல் அனுப்புகிறது. நல்ல உதவி. ஆனால் தீ அணைந்த மறுநாள் காலை, சாம்பலின் மேல் புறங்கையைக் காட்டி, எந்தக் கட்டைக்குள் சூடு மிச்சம் என்று பார்ப்பது ஆள் வேலை. அலுப்பாக இருக்கும். கட்டை கட்டையாகப் புரட்டிப் பார்த்து, மண்ணைப் போட்டுக் கிளற வேண்டும். அதை முடிக்காமல் மலையிறங்குகிறவன் தீயை அணைத்தவன் ஆகமாட்டான்.

வேலைக்கு வரும் தம்பிகளே, முதல் வருடம் அரிவாளைவிடக் கண்ணுக்கு அதிக வேலை கொடுங்கள். மலைக்கு வரும் பக்தர்களும் ஆடு மாடு மேய்ப்பவர்களும் எனக்குச் செய்யக்கூடிய உதவி ஒன்றே: மாசி முதல் வைகாசி வரை தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.