ஆடாத தரை

பழந்தமிழர் நெய்தலுக்கு இரங்கலையும் முல்லைக்கு இருத்தலையும் உரிப்பொருளாக வகுத்தனர். விரிவுரை மண்டபத்தில் இப்பாகுபாட்டைக் கேட்குந்தோறும் என் அப்பப்பாவே நினைவில் எழுகின்றார். நெய்தலில் வாழ்ந்து, முதுமையில் முல்லைக்குப் பெயர்ந்தவர் அவர்.

இளமையில் அவருக்கு வீடாக இருந்தது ஒரு பாய்த்தோணி. பருத்தித்துறைக்கும் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே சரக்கேற்றி ஓடிய தோணி அது. மண் நிரப்பிய பெட்டியில் அடுப்பு. பீப்பாயில் அளந்து குடிக்கும் தண்ணீர். வானத்தின் கீழ் உறக்கம். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற ‘அன்னபூரணி’ 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த கதையை, தாமே அதிற் சென்று மீண்டவர்போற் சொல்லுவார்.

அவர் தரைக்கு வந்தது ஒரு முறையன்று. திருமணம் அவரைக் கள்ளப்பாட்டுக் கரையில் ஓர் ஓலைக்குடிலில் இறக்கியது. வாசலிலே கடல் இருந்தமையால் அதனை அவர் பிரிவென்று கருதவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அக்குடியிருப்பை வாரிச் சென்றது. 2009இல் போர் எங்களைச் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிற் சேர்த்தது. அப்பொழுது நான் ஆறு வயதுப் பிள்ளை. கடலைக் காணாத அம்மாதங்களில் அப்பப்பாவின் பேச்சுக் குறைந்து போயிற்று. பின்னர், இந்திய வீட்டுத் திட்டம் வழங்கிய 550,000 ரூபாவைக் கொண்டு முள்ளியவளையில் எங்கள் கல்வீடு எழுந்தது.

அவ்வீட்டில் அப்பப்பா இன்றும் தோணிக்காரராகவே வாழ்கின்றார். கிணறு நிறைந்திருக்கவும் ஒரு வாளித் தண்ணீரிற் குளியலை முடிப்பார். விளக்கு, குடை, மருந்துப்பை யாவும் கயிற்றாற் கட்டப்பட்டிருக்கும். அறையிற் கட்டில் இருக்க, விறாந்தையிற் பாய் விரிப்பார். வாடை பெயரும் இரவில் அவரே முதலில் விழிப்பார். “தரை ஆடாது எண்டு உடம்புக்கு இன்னும் தெரியேல்லை, பிள்ளை” என்பார்.

அம்மாவின் நிலை வேறு. பேரலையில் தம் தங்கையைப் பறிகொடுத்த அவர், அலையோசை கேளாத இவ்வீட்டிலேதான் அச்சமின்றி உறங்கத் தொடங்கினார். ஒருவருக்குச் சிறையாயிருப்பது மற்றவருக்கு அரணாயிருக்கின்றது. இவ்விருவருள் எவர் பக்கம் நியாயம் என்று கேட்டால், விடை கூற என்னால் இயலாது.

ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். பேரலையின் பின் வடக்குக் கிழக்குக் கரைகளில் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாதென அரசு எல்லை வகுத்தது. உயிரைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் கடற்றொழிலாளிக்கு வீடென்பது உறங்கும் இடம் மாத்திரமன்று. வலை உலர்த்தவும் இயந்திரத்தைக் காக்கவும் காற்றின் குறியறியவும் வேண்டிய இடம். அப்பா நாள்தோறும் விடியுமுன் துவிச்சக்கரவண்டியிற் கரைக்குச் சென்ற பின்னரே, அன்று கடல் தொழிலுக்கு உகந்ததா என்பதை அறிகின்றார். குடியேற்றத்தைத் திட்டமிடுவோர் இதனையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முன்னர், சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் அவ்வுப்பு நீரால் விளக்கேற்றுவது எம்மவர் மரபு. தீர்த்தக்குடம் ஊருக்குள் வரும் அவ்விரவில், அப்பப்பா எவரும் அழையாமலே எழுந்து வீதியோரம் சென்று நிற்பார். அம்மாவும் அவர் அருகே நிற்பார். கடலை மறவாதவரும் கடலை மன்னியாதவரும் அந்நீரை ஒருங்கே வணங்குவர்.