குழாயின் வாயில் இருக்கிறது வேலை

பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டிய ஹாட் ராட் என்றதும் தீப்பிழம்பு தீட்டிய உடலும் மூடியில்லாத எஞ்சினும்தான் நினைவுக்கு வரும். தெற்குக் கலிஃபோர்னியாவின் பட்டறைகளில் நான் கவனித்தது சேசிஸுக்கு அடியில் நடக்கும் வேலையை. 3/16 அங்குலக் குழாயை வளைத்து, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்கள்வரை பிரேக் லைன் இழுக்கிறார்கள். ஹாட் ராடாக மாற்றப்படும் 1932 ஃபோர்டில் இந்த லைனே கிடையாது. மெக்கானிக்கல் பிரேக்கைக் கைவிட்டு ஃபோர்டு ஹைட்ராலிக்குக்கு மாறியது 1939 மாடலில்தான். ஆகவே அந்தப் பழைய சேசிஸில் லைன் போகும் வழியும் வளைவும் இணைப்பும் தொழிலாளியே முடிவு செய்பவை. அந்த இணைப்பில் கசிவைத் தடுப்பது குழாயின் வாயை அவர் உருவாக்கும் விதம்தான். மேலே பூசும் எந்தப் பொருளும் அதற்கு ஈடாகாது என்பது என் முடிவு.

காரணம் வேலையிலேயே தெரிகிறது. குழாயை நேராக வெட்டி, உள்ளும் புறமும் பிசிறு நீக்கி, நட்டை முதலில் கோத்துவிடுகிறார்கள். மறந்தால் பிறகு நட் ஏறாது. குழாயின் வாயை இருமுறை அழுத்தி விரிக்கும் டபுள் ஃபிளேரில் வாய் முதலில் புடைக்கிறது, அடுத்த அழுத்தத்தில் விளிம்பு உள்ளே மடிந்து 45 பாகைக் கூம்பாகிறது. அதை விளக்கொளியில் திருப்பிப் பார்க்கிறார்கள். மயிரிழை விரிசலோ கோணலோ தெரிந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். பிரேக்கைப் பலமாக மிதிக்கும்போது லைனுக்குள் அழுத்தம் 1000 பிஎஸ்ஐயைத் தாண்டும். அதைத் தாங்குவது கூம்பும் அதன் இருக்கையும் உலோகத்தோடு உலோகமாகப் பொருந்தும் இடம். மரையின் வேலை அவற்றை இறுக்கிப் பிடிப்பது மட்டுமே.

“பாதுகாப்புக்காக மரையில் ஒரு சுற்று டெஃப்லான் டேப் போட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. கூம்பு பொருந்தாவிட்டால் டேப் உதவாது. பொருந்தினால் டேப் தேவையில்லை. பிய்ந்த துணுக்கு பிரேக் ஆயிலில் கலந்து சிறு துளைகளை அடைக்கும் ஆபத்து வேறு. சில பிரேக் லைட் சுவிட்சுகளில் இருக்கும் சரிவு மரை இதற்கு விலக்கு. அங்கே அடைப்பு மரையிலேயே நிகழ்வதால், பிரேக் ஆயிலைத் தாங்கும் திரவ சீலன்ட் வேண்டும். ஸ்டெயின்லெஸ் குழாயைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அது கடினமானது, டபுள் ஃபிளேரில் எளிதில் விரிசல் விடும் என்பது உண்மைதான். அதற்காகவே ஸ்லீவ் வைத்த 37 பாகை ஒற்றை ஃபிளேர் இருக்கிறது. 45 பாகை வாயை 37 பாகை ஃபிட்டிங்கில் வைத்து முடுக்கினால் நட் இறுகும். ஆனால் கூம்பு முழுதாகப் படியாது. அங்கும் தீர்வு சரியான கோணம்தான்.

இப்போது இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் வந்துவிட்டதே, ஒரு கசிவால் பிரேக் முழுவதும் போகாதே என்றும் வாதிடலாம். மிஞ்சுவது ஒரு ஜோடிச் சக்கரத்தின் பிரேக். பழைய சேசிஸில் பல மடங்கு சக்திகொண்ட எஞ்சினை ஏற்றியவருக்கு அது போதாது. அதனால் பெயின்ட்டுக்கு மனமுவந்து கொடுக்கும் உரிமையாளர், வெட்டி எறிந்த குழாய்த் துண்டுகளுக்கும் அவற்றுக்குச் செலவான நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலியில் பேரம் பேசினால், மறுபடி வெட்டவேண்டிய வாயை அப்படியே முடுக்கிவிடும்படி தொழிலாளியை நாமே தள்ளுகிறோம்.