வேலை செய்யாத விசை

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை இரவு, என் மடிக்கணினியில் திரைப்பிடிப்பு எடுக்கும் விசை நின்றுபோனது. இதெல்லாம் எழுதத்தக்க செய்தியா என்று கேட்கலாம். என் ஆய்வேட்டின் நான்காம் இயலுக்கான தரவில் பாதி அந்த விசையால் சேர்த்தது. காணொளி வழியாக நேர்காணல் செய்யும் பிற ஆய்வாளர்களும் தங்கள் கணினியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஹைதராபாதைச் சுற்றியுள்ள செங்கற்சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கீர்ப் பகுதியிலிருந்து வரும் குடும்பங்களின் கூலிக் கணக்கை ஆராய்கிறேன். நுவாகாய் அறுவடைத் திருநாள் முடிந்த பின் சர்தாரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு புறப்படுவார்கள். மழைக்காலம் தொடங்கும்வரை கல் அறுத்து அதைக் கழிப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. சாப்பாட்டுச் செலவுக்கு அவ்வப்போது தரப்படும் குராக்கியும் அதில்தான் கழியும். கணக்கு சர்தாரின் நோட்டில் இருக்கும். சில குடும்பங்கள் தாங்களும் ஒரு நோட்டு வைத்திருக்கின்றன, பள்ளிக்குப் போன பிள்ளையின் கையெழுத்தில். நான் பார்த்தவரை இரண்டும் ஒத்துப்போவதில்லை. அந்த வேறுபாடுதான் என் இயல். அப்படியொரு நோட்டு இருப்பது சர்தாருக்குத் தெரியக்கூடாது.

சூளைக்குள் செல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆகவே வேலை முடிந்த பிறகு காணொளியில் பேசுவோம். அவர்கள் நோட்டைக் கேமராவின் முன் பிடிப்பார்கள். நான் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்துவேன். திரை மங்கும். பக்கத்தை மட்டும் வெட்டிச் சேமிப்பேன். முகம், பெயர், எண் எதுவும் படத்தில் வராது, படம் என் கணினியை விட்டு வெளியே போகாது என்று சொல்லித்தான் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் பெற்றிருக்கிறேன்.

அன்று தீதி நோட்டைப் பிடித்திருந்தார். அழுத்தினேன், திரை மங்கவில்லை. மறுபடி அழுத்தினேன். "இன்னும் கொஞ்சம் பிடியுங்கள் தீதி" என்று சொல்லிச் சொல்லி அழுத்தினேன். விடியுமுன் எழுந்து கல் அறுத்த கை நடுங்கியது. கடைசியில் மகள் எண்களைப் படிக்க, நான் எழுதிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாட்கள் எல்லோரும் செய்வதையே செய்தேன். கணினியை அணைத்துப் போட்டேன், எஃப்என் விசை பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், விசைப்பலகையைத் தூசி தட்டினேன். விண்டோஸ் அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதியில் விசைப்பலகைக்கான பக்கத்தில் இந்த விசைக்கென்றே ஒரு தெரிவு உண்டு. அதுவும் சரியாகவே இருந்தது. விடுதியில் பக்கத்து அறைக் கணினியியல் மாணவி, விண்டோஸ் விசையோடு ஷிஃப்டையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தச் சொன்னாள். உடனே திரை மங்கியது. அப்படியானால் வெட்டும் கருவி நன்றாக இருக்கிறது, இந்த ஒரு விசையை மட்டும் வேறெதுவோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்றாள். குறுக்குவிசைகள் முந்தியவருக்கே சொந்தமாம். ஒரு செயலி பதிவுசெய்துகொண்ட விசையை இன்னொன்று கேட்டால் மறுக்கப்படும். அந்த மறுப்பு நம் கண்ணுக்கு வருவதில்லை.

1981இல் வந்த ஐபிஎம் கணினியில் இந்த விசை தன் பெயருக்கேற்பத் திரையிலிருந்த எழுத்தை அச்சுப்பொறியில் அச்சிட்டது. படி எங்கே போனது என்ற ஐயத்துக்கே அன்று இடமில்லை, தாள் கையில் வந்து விழும்.

என் கணினியில் அந்த விசையைப் பிடித்திருந்தது, பல்கலைக்கழகக் கணக்கோடு இணைந்த மேகச் சேமிப்புச் செயலி. சில நாட்களுக்கு முன் அது, திரைப்பிடிப்புகளை இனி நானே சேமிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. அந்தச் சிறு சாளரத்தை அவசரத்தில் ஆம் என்று அழுத்தி மூடியது நான்தான். நேர்காணலுக்காக அறிவிப்புகளை நிறுத்தி வைத்திருந்ததால், சேமித்ததை அது அறிவித்ததும் எனக்குத் தெரியவில்லை. கோப்புறையைத் திறந்தேன். 11 படங்கள். விசை ஒவ்வொரு முறையும் வேலை செய்திருக்கிறது. முழுத்திரை. நோட்டுக்குப் பின்னால் தீதியின் முகம், மேலே பெயரும் எண்ணும்.

அமைப்பில் ஒரு குறியை எடுத்துவிட்டேன், விசை திரும்பிவிட்டது. ஒரு நிமிட வேலை. படங்களைக் கணினியிலும் மேகத்திலும் அழித்தேன். அழித்தவை மேகத்தின் குப்பைத்தொட்டியில் கிடந்தன, அதையும் தனியே காலி செய்தேன். நெறிக்குழுவுக்கு எழுதினேன். யாரும் பார்த்ததற்குத் தடயமில்லை, அந்த அம்மாவை ஏன் அச்சுறுத்தவேண்டும் என்று நெறியாளர் கேட்டார். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் நான் வாக்குக் கொடுத்தது அவருக்கல்ல. இரண்டு நாள் தயங்கிப் பிறகு தீதியை அழைத்தேன்.

முழுதும் கேட்டார். படங்களில் நோட்டு தெளிவாக விழுந்ததா என்று கேட்டார். விழுந்தது என்றேன். "பிறகு ஏன் பிள்ளையை அவ்வளவு நேரம் படிக்கவைத்தாய்?" என்று சிரித்தார். சற்றுக் கழித்து, அதை யாரெல்லாம் பார்த்திருக்கலாம் என்று கேட்டார். எனக்குத் தெரிந்து ஒருவருமில்லை என்றேன். எனக்குத் தெரிந்து என்ற அந்தச் சொல்லை அவர் கவனிக்காமல் இல்லை.

இப்போது கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுகிறோம். மகள் படிக்கிறாள், நான் எழுதுகிறேன், மீண்டும் படித்துக்காட்டிச் சரிபார்க்கிறேன். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆகிறது.