இருளில் வழி காணும் மீன்

எங்கள் இல்லத்தின் முன்கூடத்தில் மீன் தொட்டி ஒன்று உண்டு. தெலுக் பங்லிமா காராங்கில் எங்களைக் காண வரும் உறவினர் அனைவரும் அதன்முன் நின்று, "மீன் எங்கே?" என்றே முதலில் கேட்பர். நீர்ச்செடிகளும், அடியில் கிடக்கும் குழாய்த்துண்டு ஒன்றுமே அவர்தம் கண்ணிற்படும். அக்குழாயினுள் பகல் முழுதும் உறங்கிக் கிடப்பதே எங்கள் மீன்.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிள்ளானிலுள்ள கடையொன்றில் பிள்ளைகள் விரும்பிக் கேட்டமையால் அதனை வாங்கி வந்தோம். அப்பொழுது அது ஒரு விரல் நீளமே இருந்தது. கடைக்காரர் அதனை 'பிளாக் கோஸ்ட்' என்றார். கறுப்புப் பேய் என்று அதற்குப் பொருள் கூறியதும், பேயை வீட்டிற்குள் விடலாகாது என்று பாட்டி வாயிலிலேயே மறித்துவிட்டார். பின்னர், அதன் நெற்றியினின்று முதுகுவரை ஓடும் வெண்கோட்டைக் கண்டு, "திருநீறு பூசியிருக்கிறதே!" என்று மனமிரங்கினார். 1766இல் இம்மீனுக்குப் பெயரிட்ட லின்னேயசும் அந்நெற்றியைக் கண்டே 'அல்பிஃப்ரான்ஸ்', அதாவது வெண்ணெற்றி, என்று அழைத்தார். பாட்டியிடம் இதனைச் சொன்னபொழுது அவர் வியப்படையவில்லை.

இதன் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் முதலிய ஆறுகளாகும். நம் பெலிடா மீனைப்போல் கத்தி வடிவுடையதாயினும் அதற்கு நெருங்கிய உறவன்று. முதுகில் துடுப்பில்லை. வயிற்றின் அடியில் நெடுகிலும் ஒரே துடுப்பு, பட்டுச் சேலையின் கரை காற்றில் அலைவதுபோல் அலையும். அவ்வலையை மாற்றித் திருப்பினால் மீன் உடலை வளைக்காமலே பின்னோக்கிச் செல்லும்.

அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிற்று. பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகளுக்கு இரவும் பகலும் ஒன்றாயின. தாத்தாவோ, பால்மரம் வெட்டிய காலத்துப் பழக்கம் விடாமல், விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்துவிடுவார். எங்கள் மூத்த மகளும் அவருமாக விளக்கையணைத்து, கைவிளக்கில் சிவப்புத் தாளைச் சுற்றி, மீன் உலாவுவதைப் பார்த்திருப்பர்.

"இருட்டில் இதற்கு எப்படித் தாத்தா இரை தெரிகிறது?" என்று அவள் கேட்டாள்.

"எனக்கு நிரையில் மரம் தெரிந்ததுபோலத்தான். காலுக்கு வழி தெரியும், கைக்கு மரம் தெரியும்" என்றார் அவர்.

அவ்விடை முற்றிலும் பிழையன்று. இம்மீன் உண்மையில் தன் தோலினால் காண்கிறது எனலாம். அதன் உடலில் மெல்லிய மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் உறுப்பொன்று உண்டு. நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் முறை, உறக்கத்திலும் ஓயாது, அது துடிக்கின்றது. கல்லோ, புழுவோ, மற்றொரு மீனோ அருகே வந்தால் சுற்றியுள்ள மின்புலம் சற்றே மாறும். தோலெங்கும் பரவியுள்ள நுண்ணுறுப்புகள் அம்மாற்றத்தை நிழல்போல் உணர்ந்துகொள்கின்றன. இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த மின்விலாங்கு ஒன்று 860 வோல்ட்டு வரை பாய்ச்சியதை 2019இல் அறிஞர் வெளியிட்டனர். எங்கள் மீனின் மின்சாரமோ கையை விட்டாலும் தெரியாது. பாட்டி மட்டும் இன்றுவரை விட்டுப் பார்த்ததில்லை.

ஒருமுறை நாங்கள் பெருந்தவறு செய்தோம். உடன் வளர்ந்த சிறு மீன்களுக்கு வெண்புள்ளி நோய் காணவே, புட்டியில் குறித்தவாறே மருந்தை ஊற்றினோம். இம்மீனுக்கு அவ்வளவு ஆகாது என்பதை அறியோம். அது ஒருக்களித்துக் கிடந்தது. பிடித்து வைத்து ஆறிய நீரைச் சிறிது சிறிதாக மாற்றினோம். மூன்றாம் நாளே அது நேராக நீந்திற்று. அதுவரை மகள் எங்களோடு பேசவில்லை.

2021இன் இறுதியில் மீன் ஒரு சாணையும் கடந்து வளர்ந்துவிட்டது. எங்கள் தொட்டியோ இரண்டடி நீளமும் ஓரடி அகலமுமே உடையது. திரும்புகையில் அதன் வால் கண்ணாடியில் உராய்ந்தது. இவ்வினம் 50 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. வாங்கும்பொழுது இதனை நாங்கள் கேட்கவுமில்லை, எவரும் சொல்லவுமில்லை.

லங்காட் ஆற்றில் விட்டுவிடலாம் என்று நாங்களே முதலில் எண்ணினோம். உயிரொன்றை விடுவித்த புண்ணியமாவது கிட்டுமே என்றும் பேசிக்கொண்டோம். தாத்தாதான் மறுத்தார்.

"அந்தக் காலத்தில் தூண்டில் போட்டால் விராலும் கெளுத்தியும் வரும். இப்பொழுது பண்டாராயா மீன்தான் வருகிறது. அதையும் யாரோ புண்ணியம் என்றுதானே விட்டார்கள்?" என்றார்.

தொட்டிக் கண்ணாடியைத் துப்புரவு செய்ய வாங்கப்படும் அம்மீனும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. இன்று லங்காட்டிலும் கிள்ளான் ஆற்றிலும் பெருகி, தன் முள்ளால் வலைகளைக் கிழிக்கின்றது. எங்கள் மீன் தனியொன்று, ஆதலால் பெருகாது என்று வாதிட்டோம். "அப்படியானால் தனியாகச் செத்துப்போகும்" என்றாள் மகள். அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை.

பழைய ஆறடித் தொட்டியொன்று விலைக்கு வந்தது. அவ்வாண்டு வாங்க எண்ணியிருந்த புதிய அலமாரியை மறந்தோம். நீர் மட்டுமே அரை டன்னுக்கு மேல் கனக்கும். பழைய லயத்து வீட்டின் பலகைத் தரையாயின் தாங்கியிராது. முன்கூடத்தில் அதற்குத் தகுந்த இடம் ஒன்றே இருந்தது. அங்கே தாத்தாவின் சாய்வு நாற்காலி கிடந்தது. எவரும் வாய் திறக்குமுன் அவரே அதனைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் போட்டுக்கொண்டார்.

புதுத் தொட்டியில் விட்ட முதல் இரவு, மீன் சுவரோரமாகவே வாலை முன்னே நீட்டிப் பின்புறமாக நீந்திச் சுற்றியது. மூலை மூலையாகத் தடவிப் பார்த்தது. மகள் உறங்கிவிட்டாள். நான்கு மணிக்குத் தாத்தா எழுந்து வந்து, முக்காலியில் அமர்ந்து, சிவப்பு விளக்கைப் பிடித்திருந்தார். நெடுநேரத்திற்குப்பின் அது தன் பழைய குழாயின் வாயைக் கண்டறிந்து, பின்புறமாகவே உள்ளே நுழைந்தது. தாத்தா விளக்கை அணைத்துவிட்டுக் காப்பி கலக்கச் சென்றார்.