ஆவாரம்பட்டையும் ஓக் பீப்பாயும்: சத்துவாச்சாரியிலிருந்து ஒரு துவர்ப்புப் பயணம்!

சத்துவாச்சாரியில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் ஊர்கள். ஆம்பூரில் பிரியாணிக்கு வண்டியை நிறுத்தாதவர்கள் குறைவு. அதே சாலையில் கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு தாண்டி மொத்தம் சுமார் 250 கி.மீ. போனால், நந்தி மலையின் அடிவாரத்தில் தொட்டபள்ளாபுரா. அங்கே ஓக் மரப் பீப்பாய்களில் சிவப்பு ஒயின் ஊறிக்கொண்டிருக்கிறது.

தோலுக்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம்? துவர்ப்புதான்!

கடுக்காய், கொட்டைப்பாக்கு, வாழைப்பூ எல்லாம் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அதற்குக் காரணம் டானின். எச்சிலில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டதுபோல இருக்கும். ஆட்டுத்தோலின் புரதத்தையும் டானின் இப்படித்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அழுகிப்போக வேண்டிய தோல் செருப்பாகவும் பையாகவும் உழைப்பது அதனால்தான். தமிழ்நாட்டில் அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்தது ஆவாரம்பட்டை. கடைசியில் கடுக்காய் சேர்ப்பார்கள். அப்படிப் பதனிட்ட 'ஈஸ்ட் இந்தியா' தோலுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இப்போது நந்தி மலைக்கு வருவோம். கன்வல் க்ரோவர் 1988-ல் தொடங்கிய நிறுவனம் இது. பிரெஞ்சு திராட்சை ரகங்களை இங்கே வளர்த்துக் காட்டியவர் அவர். கேபர்நே சாவிஞான், ஷிராஸ் கலந்த 'லா ரிசர்வ்' இவர்களின் பெயர் சொல்லும் ஒயின். திராட்சையைத் தோல், விதையோடு புளிக்க வைப்பதால் நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. பிறகு பிரெஞ்சு ஓக் பீப்பாய். மரத்தின் வழியே துளித்துளியாகக் காற்று நுழைய, முரட்டுத் துவர்ப்பு மெல்ல அடங்கும். நெருப்பில் வாட்டிய உட்புறம் வெனிலா வாசம் தரும்.

இந்தப் பொறுமையை ஸ்பெயினில் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ரியோகா பகுதியில் 'கிரியான்சா' என்று பெயர் போட, சிவப்பு ஒயின் 2 ஆண்டுகள் பக்குவப்பட வேண்டும். அதில் 1 ஆண்டாவது ஓக் பீப்பாயில் இருக்க வேண்டும். அங்கே ஆரோ ஊரில் 1877-ல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா குடும்பம் இன்றும் தன் பீப்பாய்களைத் தானே செய்கிறது. ஒயினை எடுத்துப்போக அந்நாட்டில் 'போத்தா' என்றொரு பை உண்டு. அது தைக்கப்படுவது ஆட்டுத்தோலில்!

நம் தோல் தொழிலோ பொறுமையை விட்டுவிட்டது. பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலையைக் குரோமியம் உப்பு ஓரிரு நாளில் முடித்தது. பட்டைக் கழிவும் சுத்தமானதல்ல. ஆனால், வேகமும் உற்பத்தியும் கூடக்கூட, பாலாறும் கரையோரக் கிணறுகளும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே நஷ்டஈடு தர வேண்டும் என்றது. 5 மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இன்றும் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுவது, நம்மூர் பெயர் தாங்கிய அந்தத் தீர்ப்புதான்.

நந்தி மலை அடிவாரத்தில் கட்டணம் செலுத்திச் சுற்றிப் பார்க்கலாம். முன்பதிவு செய்துகொண்டு போங்கள். ருசி பார்ப்பது பெரியவர்களுக்கு மட்டும். மது உடல்நலத்துக்குக் கேடு என்பதும் நினைவிருக்கட்டும். வழியில் சாலையோரம் மஞ்சளாகப் பூத்திருக்கும் ஆவாரஞ்செடியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூ என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு காலத்தில் நம் தோல் ஊர்களுக்கே சோறு போட்டது அதன் பட்டைதான் என்பதையும் சொல்லிவையுங்கள்.