மாமோகிராம் ரிப்போர்ட்டில் ‘டென்ஸ்’ என்று இருந்தால்...

 

இது அம்மாமார்கள், அக்கா தங்கைகளுக்கு. அண்ணன்மார்களும் படித்துவிட்டு வீட்டில் சொல்லுங்க.

நாங்க கிள்ளானில் தொழிற்சாலை சூப்பர்வைசர் வேலை, வெள்ளிக்கிழமை ஆனா ஆலயத்தில் அன்னதானத் தொண்டு. லைன்ல வேலை செய்ற பெண்களும் சரி, மடப்பள்ளிக்கு உதவிக்கு வர்றவங்களும் சரி, மாமோகிராம் ரிப்போர்ட்டை எங்ககிட்ட காட்டி விளக்கம் கேட்கிறாங்க. ஒரு அக்கா ‘டென்ஸ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் புற்றுநோய்னு நினைச்சு, மூணு வாரம் பேப்பரைச் சாமி படத்துக்குப் பின்னால் ஒளிச்சு வச்சிருந்தாங்க. இன்னொருத்தர் ‘நார்மல்’னு பார்த்ததும் மீதியைப் படிக்கவே இல்லை. நாங்க டாக்டர் இல்லை. டாக்டர்கள் எங்களுக்குச் சொன்னதை உங்களுக்குச் சொல்றோம்.

ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம் தனித்தனியா இருக்கும். ஒன்று எண், இன்னொன்று அடர்த்தி.

எண்ணுக்குப் பெயர் பை-ராட்ஸ்.
0 என்றால் படம் போதவில்லை, இன்னும் படம் எடுக்கணும். திரும்பக் கூப்பிடுறவங்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனா போயே ஆகணும்.
1, 2 என்றால் சந்தேகம் எதுவும் இல்லை.
3 என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லாதது, 6 மாதத்தில் மறுபடி பார்க்கணும்.
4, 5 என்றால் ஊசியால் சதை எடுத்துச் சோதிக்கணும். தள்ளிப் போடாதீங்க.

அடர்த்தி என்பது ஏ, பி, சி, டி. ஏ என்றால் மார்பகத்தில் கொழுப்பு அதிகம். சி, டி என்றால் சுரப்பியும் நார்த் திசுவும் அதிகம், அதைத்தான் ‘டென்ஸ்’னு எழுதுறாங்க. இது நோய் இல்லை. கையால் தொட்டுத் தெரிஞ்சுக்கவும் முடியாது. 40 வயதைத் தாண்டிய பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இப்படித்தான்னு அமெரிக்கக் கணக்கு சொல்லுது. ஆசியப் பெண்களுக்கு இது இன்னும் சகஜம்.

அப்புறம் ஏன் எழுதுறாங்க? அன்னதானத்துக்கு அரிசி பொறுக்குறோம் இல்லையா? கறுப்பு உளுந்தில் வெள்ளைக் கல் கிடந்தா உடனே தெரியும். பச்சரிசியில் கிடந்தா கண்ணுக்குச் சிக்காது. மாமோகிராம் படத்தில் கொழுப்பு கறுப்பா தெரியும், அடர்ந்த திசு வெள்ளையா தெரியும், கட்டியும் வெள்ளையாத்தான் தெரியும். அதனால சிலது மறைஞ்சு போகலாம். அடர்த்தி அதிகம் உள்ளவங்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல். அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து அடர்த்தியைப் பெண்களுக்குச் சொல்லியே ஆகணும்னு விதி வந்திருக்கு.

ஆகவே ‘நார்மல், ஆனா சி அல்லது டி’ என்று இருந்தால் டாக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்க: “எனக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் தேவையா?” அம்மா, அக்கா, சித்தி யாருக்காவது இந்த நோய் வந்திருந்தா அதையும் சொல்லுங்க. பழைய படங்களையும் கொண்டு போங்க. ரிப்போர்ட் என்ன சொன்னாலும் சரி, கையில் புதுக் கட்டி தட்டுப்பட்டா அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்காதீங்க.

நம்ம நாட்டின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு, 2012–2016 அறிக்கைப்படி, மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவங்களுக்கு 3 அல்லது 4-ஆம் கட்டத்தில்தான் தெரிய வந்திருக்கு. சீக்கிரம் கண்டுபிடிச்சா காப்பாத்துறது சுலபம். கூச்சமும் பயமும்தான் நம்மைத் தாமதப்படுத்துது.

செலவுக்குப் பயந்தா, வேலை செய்றவங்க பெர்கேசோவில் கேளுங்க. 2013-லிருந்து அவங்க சுகாதாரப் பரிசோதனைத் திட்டத்தில், 40 வயதான தகுதியுள்ள பெண்களுக்கு மாமோகிராமும் உண்டு. வீட்டில் இருக்கிறவங்க எல்பிபிகேஎன் கிளினிக்கில் உதவித்தொகை பற்றி விசாரிங்க. போற அன்னைக்கு மார்பிலும் அக்குளிலும் பவுடர், சந்தனம், டியோடரண்ட் வேண்டாம். படத்தில் புள்ளி புள்ளியா விழும்.

தனியா போகத் தயக்கமா இருந்தா வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு மடப்பள்ளிப் பக்கம் வாங்க, யாராவது ஒருத்தர் கூட வருவோம். முருகனிடம் வேண்டிக்குங்க, அதே கையோட அப்பாயின்ட்மென்ட்டும் போட்டுடுங்க.

வேலும் மயிலும் துணை.