ஞமலிக்கு ஆகாத கனி

மாம்பழப் பருவம் வந்துவிட்டால் நாய் வளர்ப்போர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "நாய்க்குப் பழம் கொடுக்கலாமா?" தமிழாசிரியனிடம் கேட்க வேண்டிய கேள்வி அன்று இது. ஆயினும், எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் இருப்பதாலும், இதன் பொருட்டு என் அம்மாவுக்கும் எனக்கும் சில மாதங்களாக வழக்கு நடந்துவருவதாலும் கொஞ்சம் தேடிப் படித்தேன். அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

அம்மாவின் வாதம் எளிமையானது. "ஏப்பா, நாம திங்கிறதத்தானே அதுவும் திங்குது? அதுக்கு மட்டும் என்ன செய்யும்?" இதில் பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2013ஆம் ஆண்டில் ஓநாயின் மரபணுக்களையும் நாயின் மரபணுக்களையும் ஒப்பிட்ட ஆய்வொன்று வெளிவந்தது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல படிகளாகப் பெருகியிருப்பதை அது காட்டியது. உழுது உண்ட மனிதரின் மிச்சச் சோறு ஞமலியின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது! இனிப்பையும் அது அறியும். பூனைக்கு இனிப்பை உணரும் மரபணு செயலிழந்துவிட்டது; நாய்க்கு அவ்வாறில்லை. எனவேதான் பலாப்பழம் அறுக்கும் இடத்தில் பூனை விலகிப் போக, நாய் வாலாட்டி நிற்கிறது.

வாழைப்பழம், பப்பாளி, மாம்பழத்தின் சதை, கொட்டை நீக்கிய பலாச்சுளை ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக எப்போதேனும் கொடுப்பதில் பெரும்பாலான நாய்களுக்குத் தீங்கில்லை. மிகுந்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும். இங்கெல்லாம் இடர்ப்பாடு பெரும்பாலும் விதையில்தான் இருக்கிறது. நாய் மென்று தின்பதைவிட விழுங்குவதே மிகுதி. மாங்கொட்டை குடலில் சிக்கினால் அறுவை செய்துதான் எடுக்க நேரும். சீத்தாப்பழத்தின் விதையோ நஞ்சே. பேன் ஒழிய அதை அரைத்துத் தலையில் பூசும் வழக்கத்தை நம் கிராமத்தார் அறிவார்கள். கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று எச்சரிப்பதும் அவர்களே.

இனி வருவதுதான் வழக்கின் மையம். நாங்கள் வாழ்வது கம்பம் பள்ளத்தாக்கில். எங்கள் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்தத் திராட்சைதான் நாயின் சிறுநீரகத்தை அழிக்கக்கூடிய கனி. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சையும் அப்படியே. இது இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவர்கள் அறிந்த செய்தி. காரணம் மட்டும் நெடுநாள் புலப்படவில்லை. வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்கும் திராட்சை தின்ற நாய்க்கும் ஒரே வகைப் பாதிப்பு நேர்வதை அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் கவனித்தார்கள். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது டார்டாரிக் அமிலம். அதுவே காரணமாகலாம் என்று 2021இல் அவர்கள் எழுதினார்கள்.

அந்த அமிலம் திராட்சையைவிடப் பன்மடங்கு செறிந்திருக்கும் கனி எது தெரியுமா? நம் அடுப்படி ஜாடியில் இருக்கும் புளி! புளி தின்ற நாய்களிடமும் இதே சிறுநீரகப் பாதிப்பு பின்னர் பதிவாயிற்று.

சனிக்கிழமைதோறும் கோயில் புளியோதரையில் ஒரு கை மணிக்கு வைப்பது அம்மாவின் வழக்கம். செய்தியைச் சொன்னதும் சிரித்தார். "நம்ம ஊருல எத்தன நாய் குழம்புச் சோறு தின்னு வளந்துச்சு!" வளர்ந்தவைதான் நம் நினைவில் நிற்கின்றன. சுருண்டு படுத்து, தண்ணீரும் இறங்காமல், இரண்டு மூன்று நாளில் இறந்தவற்றுக்கு என்ன காரணம் சொன்னோம்? பூச்சி கடித்திருக்கும், யாரோ மருந்து வைத்திருப்பார்கள் என்றோம். புளியை ஒருவரும் ஐயுற்றதில்லை. அவையெல்லாம் புளியால் இறந்தன என்று நான் கூறவில்லை. நமக்கு அறியும் வழி இருக்கவில்லை என்கிறேன். ரசம் பட்ட ஒரு பருக்கையும் புளிக்காய்ச்சலில் பிசைந்த ஒரு கவளமும் ஒன்றல்ல என்பதும் மெய்யே. ஆனால் 'இவ்வளவு வரை கேடில்லை' என்று எவரும் அளவு வகுத்துவிடவில்லை. ஒரு நாய் தின்றுவிட்டு ஓடி விளையாடுகிறது, இன்னொன்று வீழ்கிறது.

ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். நாய் திராட்சையையோ புளியையோ தின்றது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீர் குறைவதைக் கண்டு மருத்துவரிடம் ஓடும்போது காலம் கடந்திருக்கலாம். தின்ற சில மணி நேரத்துக்குள் போனால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி.

பகுத்துண்ணலை அறத்தின் தலையாக வைத்த மொழி நம்முடையது. உண்பவரின் உடம்பை அறிந்து பகுப்பதும் அவ்வறத்துள் அடங்கும் என்றே எண்ணுகிறேன். அம்மாவுடன் வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் சென்ற சனிக்கிழமை மணியின் தட்டில் இருந்தது வெறும் சோறு. "உனக்காக இல்லப்பா, அதுக்காக" என்றார் அம்மா.